இணைப்பு மூன்றில் ஒரு வரி

ஜெசிந்தா டீச்சரின் மேல்முறையீட்டு மனு என் மேஜைக்கு வந்தபோது நான் முதலில் செய்த காரியம், அதை மற்றக் கோப்புகளுக்கு அடியில் தள்ளியதுதான். பெயரைப் பார்த்ததும் கை தானாகச் செய்தது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மறுபடி மேலே எடுத்து வைத்தேன்.

என் பெயர் தில்லைக்கரசி. கற்பித்தல் மதிப்பீட்டு வாரியத்தில் கணித ஆலோசகர். இந்த மாநிலத்தில் எந்த ஆசிரியருக்கு எவ்வளவு சம்பளம் என்று முடிவுசெய்கிற சூத்திரம் நான் எழுதியது.

அந்தச் சூத்திரம் வருவதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்பதை மறைத்துவிட்டுப் பேசுவது நியாயமில்லை. ஒரே பள்ளியில் ஒரே பாடம் எடுத்த இரண்டு பேரில் ஒருவருக்கு முழுச் சம்பளமும் பென்ஷனும் இருந்தன. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் தற்காலிகம் என்ற பெயரில் பதினைந்து வருடம் ஓட்டினார். மே மாதம் அவருக்கு ஒன்றும் கிடையாது. தனியார் பள்ளிகளில் சிலர் அந்தப் பள்ளியின் வேன் டிரைவரைவிடக் குறைவாக வாங்கினார்கள். இதில் யார் உண்மையிலேயே சொல்லிக்கொடுத்தார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் கண்டுபிடிக்க வழியில்லை.

பிறகு அந்த வழி கிடைத்தது. ஒரு மனிதர் கணக்குப் போடும்போதோ செய்யுளை வாசிக்கும்போதோ, அதை அவர் கற்றுக்கொண்ட நேரத்தின் சாயலும் மூளையில் கூடவே சேர்ந்து எழும்புகிறது. ஒரு குரல், ஒரு முகம், ஒரு வகுப்பறை. அதைப் பிடிக்கிற கருவி வந்தது. பார்க்க ஹெல்மெட் மாதிரி இருக்கும். பத்து நிமிடம் மாட்டிக்கொண்டு கொடுத்த கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். கருவி காட்டுவதைப் பழைய பள்ளிப் பதிவேடுகளோடு ஒப்பிட்டால், எதை யார் சொல்லிக்கொடுத்தார் என்று பெயரோடு வந்துவிடும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் தடம்.

பதினான்கு வயது நிரம்பிய எல்லோருக்கும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை அடையாள அட்டையைப் புதுப்பிக்கும்போது தடம் எடுப்பது என்று சட்டம் வந்தது. யாருடைய தடம் நிறையப் பேரிடம் ஆழமாக இருக்கிறதோ அவர் முதல் தரம். அவருக்கு ஒரு மாவட்ட அதிகாரிக்கு இணையான சம்பளம். தடமே இல்லாதவர் நான்காம் தரம். அவருக்குப் பாதிச் சம்பளம். மூன்று வருடம் அப்படியே நீடித்தால் பென்ஷனும் போய்விடும்.

தற்காலிகம் என்ற சொல்லே ஒழிந்தது. பதினைந்து வருடமாகக் கூனிக் குறுகி நின்ற சிலர் முதல் தரம் பெற்று, எங்கள் அலுவலக வாசலில் நின்று அழுததை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் நான் செய்தது முழுக்கத் தவறு என்று சொல்ல இன்றைக்கும் வாய் வரவில்லை.

ஆனால் அதில் இருந்த ஓட்டை எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும்.

சட்டம் வருவதற்கு முன்பு இருநூறு பேரை வைத்துச் சோதனை செய்தோம். அதில் நானும் ஒருத்தி. கருவியை இயக்கியவர் ஷாகுல் என்ற டெக்னீஷியன். படித்தது குறைவு, புரிந்துகொள்வதில் எங்கள் எல்லோரையும்விடக் கூர்மையானவர். கணிதத்தில் என் தடம் என்னவென்று பார்த்தோம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று கோதண்டபாணி சார், ஏழாம் வகுப்பு. ஜெசிந்தா டீச்சர், ஒன்பதாம் வகுப்பு, பூஜ்யம்.

நான் சிரித்துவிட்டேன். கோதண்டபாணி சார் வாய்ப்பாடு தப்பினால், காது மடலில் ஒரு மணல் பருக்கையை வைத்து இரண்டு நகத்துக்கு நடுவில் நசுக்குவார். அவர் வகுப்பு இருக்கிற நாளில் பள்ளிக்குப் போகாமல் இருக்கக் காரணம் தேடுவேன். எட்டாம் வகுப்பு முடிகிறவரை கணக்குப் புத்தகத்தைத் தொடவே பிடிக்காது.

ஜெசிந்தா டீச்சர் வந்த பிறகுதான் நான் கணக்கு என்று ஒன்றைப் பார்த்தேன். அவர் எந்தக் கணக்கையும் கரும்பலகையில் முடித்ததில்லை. முதல் வரியை எழுதிவிட்டு ஜன்னலோரம் போய் நின்று, அப்புறம் என்பார். தப்பாகச் சொன்னால் தப்பு என்று சொல்லமாட்டார். அந்த வழியிலேயே கொஞ்ச தூரம் போய்ப் பாரேன் என்பார். போய் முட்டிக்கொண்டு நாங்களே திரும்பி வருவோம். ஒன்று முதல் நூறு வரை கூட்டுவதற்கு ஒரு குறுக்கு வழியை ஒருநாள் நானே கண்டுபிடித்தேன். உலகத்தில் வேறு யாருக்கும் அது தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். டீச்சர் என்னை முன்னால் வந்து விளக்கச் சொல்லிவிட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என் பேச்சைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். நான் கணிதம் படிக்கப் போனது அந்த ஒரு பிற்பகலால்தான்.

கருவி கோளாறு, மறுபடி எடுங்கள் என்றேன். ஷாகுல் மூன்றுமுறை எடுத்தார். மூன்றிலும் அதே பதில்.

"கோளாறு இல்லைங்க மேடம்," என்றார் அவர். "பயந்துகிட்டே கத்துக்கிட்டதுல அந்த ஆளோட மொகம் ஒட்டிக்குது. நிதானமா, நாமளே கண்டுபிடிச்ச மாதிரி கத்துக்கிட்டா அது நம்ம சொந்தமாயிடுது. சொந்தமானதுல வேற யாரோட மொகமும் இருக்காதுல்ல. நல்லாச் சொல்லிக்கொடுத்தவங்கதான் இதுல காணாமப் போறாங்க. நீங்க இதை எழுதணும்."

இருநூறு பேரின் பதிவையும் அன்றைக்கே எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. பிரம்பும் கத்தலும் கேலியும் ஆழமாகப் பதிந்திருந்தன. ஒவ்வொருவரும் தனக்கு மிகவும் பிடித்ததாகச் சொன்ன ஆசிரியரின் இடம் பெரும்பாலும் காலி.

வாரியத்தின் இயக்குநரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டார். மூன்று வாரத்தில் மசோதா வருகிறது, இப்போது நிறுத்தினால் இன்னும் இருபது வருடத்துக்கு யாரும் ஆசிரியர் சம்பளத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள், அளக்கவே முடியாமல் கிடந்ததை முக்கால்வாசி அளப்பது பெரிய விஷயம், மீதியை அடுத்த பதிப்பில் சரிசெய்துகொள்ளலாம் என்றார். உறுத்தினால் அறிக்கையின் இணைப்பில் ஒரு குறிப்பாக எழுதிவிடச் சொன்னார்.

எழுதினேன். இணைப்பு மூன்று, பக்கம் இருநூற்றுப் பதினான்கு. 'ஆசிரியர் தடம் காணப்படாத திறன்கள் சுய கற்றலாகக் கொள்ளப்பட்டு, பங்கீட்டிலிருந்து விலக்கப்பட்டுள்ளன.' அவ்வளவுதான். ஜெசிந்தா டீச்சர் எனக்குக் கொடுத்ததற்கு நான் வைத்த பெயர் சுய கற்றல். எனக்கு அந்த வருடம் ஒரு விருது கிடைத்தது. மேடையில் பேசும்போது என் ஆசிரியர்களுக்கு நன்றி சொன்னேன், பொதுவாக, பெயர் சொல்லாமல்.

அடுத்த பதிப்பு வரவேயில்லை. ஆனால் எது பதிகிறது என்பதை ஆசிரியர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். முதல் தரம் வாங்கியவர்கள் மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். பாடத்தில் வரும் ஒவ்வொரு சூத்திரத்துக்கும் முன்னால் ஆசிரியரின் பெயரைச் சொல்லவைப்பது, எதிர்பாராத நேரத்தில் மேஜையைத் தட்டுவது, ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்தி மற்றவர்களைச் சிரிக்கவைப்பது. அடிப்பது சட்டப்படி குற்றம்தான். ஆனால் பெற்றோர் புகார் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். நல்ல தரத்து ஆசிரியர் பள்ளியை விட்டுப் போய்விடுவாரோ என்ற பயம் அவர்களுக்கு. கற்றுக்கொண்டால்தான் தடம் விழும் என்பதால், சுமாராகப் படிக்கும் பிள்ளைகளை யாரும் தங்கள் வகுப்பில் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. இதெல்லாம் அறிக்கையாக எங்களுக்கு வந்தது. நான் படித்துக் கையெழுத்துப் போட்டேன்.

ஆறு வருடம் இப்படிப் போனது. அப்போதுதான் அந்த மனு வந்தது.

விசாரணை திருச்சியில், வாரியத்தின் மண்டல அலுவலகத்தில். குழுவில் மூன்று பேர்: ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், கல்வி அதிகாரி ஒருவர், நான். மனுதாரரைத் தெரிந்திருந்தால் உறுப்பினர் முதலிலேயே சொல்லிவிட்டு விலகவேண்டும் என்பது விதி. சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வழி முழுக்க நினைத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் அவரைத் தெரியும் என்றால், அவரிடம் படித்த உன் தடம் என்ன என்று கேட்பார்கள். அது அந்தக் கோப்பிலேயே இருந்தது. அவரிடம் படித்தவர்களில் தடம் எடுக்கப்பட்டவர்கள் அறுநூற்றுப் பதினான்கு பேர், தடம் இருந்தது ஒன்பது பேரிடம். பட்டியலில் நூற்றுநாற்பதாவதாக என் பெயரும், நேரே ஒரு பூஜ்யமும். அந்தப் பட்டியலின் நகல் டீச்சரிடமும் இருந்தது.

அவர் உள்ளே வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. அடுத்த ஜூனில் ஓய்வு. எங்களுக்கு வணக்கம் சொன்னார். என்னைப் பார்த்தார்; அடையாளம் கண்டுகொண்டார் என்பது எனக்குத் தெரிந்தது. உடனே பார்வையை நீதிபதி பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குச் சங்கடம் வரக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தார் என்று பிறகு நினைத்தேன். நான் வாயைத் திறக்கவில்லை.

எந்தத் தரம் கேட்டு வந்திருக்கிறீர்கள் என்று நீதிபதி கேட்டார்.

"தரம் கேட்டு வரலைங்க ஐயா," என்றார் டீச்சர். "முப்பத்துநாலு வருஷம் பாடம் எடுத்துட்டேன். எடுத்தது யார்கிட்டயும் ஒட்டலைன்னு இந்தப் பேப்பர்ல இருக்கு. இது நெசந்தானான்னு மட்டும் தெரிஞ்சுக்கணும்."

நீதிபதி கோப்பைப் புரட்டினார். கருவி பொய் சொல்லாதம்மா என்றார். பிறகு என்னைக் காட்டி, சூத்திரம் எழுதியவரே இங்கே இருக்கிறார், அவரே சொல்லட்டும் என்றார்.

நான் சொன்னேன்: "அளவீட்டுல பிழை எதுவும் இல்லை."

அது உண்மையான வாக்கியம். அதைவிடப் பெரிய பொய்யை நான் என் வாழ்க்கையில் சொன்னதில்லை.

"சரிங்க மேடம்," என்றார் டீச்சர். பேப்பரை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

அடுத்த மனுதாரரைக் கூப்பிட்டார்கள். அவர் என்ன பேசினார் என்று எனக்கு ஞாபகம் இல்லை. பாதியில் எழுந்து வெளியே ஓடினேன். எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடையின் பெஞ்சில் டீச்சர் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தார். நான் போய் முன்னால் நின்றதும், நகர்ந்து இடம் விட்டு, "உக்காரு அரசி," என்றார். என் கோலத்தைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கோதண்டபாணி சார், ஷாகுல், இயக்குநர், இணைப்பு மூன்று. உங்கள் பெயருக்கு நேரே பூஜ்யம் விழுந்ததற்குக் காரணம் நீங்கள் சொல்லிக்கொடுக்காதது இல்லை, சொல்லிக்கொடுத்த விதம்தான், நீங்கள் உங்களை வெளியே வைத்துக்கொண்டு கணக்கை மட்டும் எங்களிடம் கொடுத்தீர்கள், அறுநூறு பேரும் அதைத் தங்கள் சொந்த மூளை என்று நினைத்துக்கொண்டு திரிகிறார்கள், நானும்தான் என்றேன். அழுதுகொண்டே சொன்னேன். இதைக் கேட்டு அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். மன்னித்துவிடுவார் என்றுகூட நினைத்தேன், அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

அவர் முகம் தெளியவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"ஆறு வருஷமா, டீச்சர்."

அவர் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம் நீ," என்றார்.

பிறகு அவரே மெதுவாகச் சொன்னார். நான்காம் தரம் என்று முதல் கடிதம் வந்தபோது அவர் நம்பவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் இரண்டாம் முறை வந்தபோது பழைய மாணவர்களின் பெயரை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் பெயரைப் பார்த்த அன்றைக்கு நம்பிவிட்டார். தனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை, முப்பது வருடமாகப் பிள்ளைகளைச் சும்மா உட்கார்த்தி வைத்து ஏமாற்றியிருக்கிறோம் என்று முடிவுக்கு வந்தார். பள்ளி நிர்வாகமும் நெருக்கியது. பயிற்சி வகுப்புக்குப் போனார். அங்கே சொன்னதை அப்படியே செய்தார்.

"பணத்துக்காகச் செஞ்சேன்னு சொல்லிட்டா சுலபம். பணமும்தான். பாதிச் சம்பளத்துல என்ன நடக்கும்? ஆனா அது மட்டும் இல்லை. யாராவது ஒரு பிள்ளைக்குள்ளயாவது நான் இருக்கணும்னு தோணிடுச்சு."

தாமரைச்செல்வி என்று இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். கணக்கு அவளுக்கு மெதுவாகத்தான் ஏறும். இரும்பு ஸ்கேலின் விளிம்பால் விரல் முட்டியில் அடித்தார். ஒருநாள் இல்லை, இரண்டு மாதம். இரண்டு விரல் வீங்கி, அந்தப் பெண் ஒரு வாரம் பேனா பிடிக்கவில்லை.

"அடிக்கும்போது என் மொகத்தைப் பாக்கச் சொன்னேன். அப்பதான் நல்லாப் பதியும்னு பயிற்சி வகுப்புல சொன்னாங்க. அவ பார்த்தா, அரசி. கண்ணுல தண்ணியோட என்னையே பார்த்தா."

கைப்பையிலிருந்து அந்தப் பேப்பரை எடுத்தார்.

"அந்தப் பேப்பர் நெசம்னா, எனக்கு வேற வழி தெரியாமச் செஞ்சேன்னு ஆகும். நெசம் இல்லைன்னா, நல்லாத் தெரிஞ்ச ஒண்ணைக் கைவிட்டுட்டு ஒரு பிள்ளையை அடிச்சிருக்கேன்னு ஆகும். அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். உள்ள நீ பிழை இல்லைன்னு சொன்னதும் கொஞ்சம் நிம்மதியாக்கூட இருந்துச்சு."

பஸ் வந்தது. அவர் ஏறிப் போய்விட்டார். நான் கொடுத்த உண்மையையும் எடுத்துக்கொண்டுதான் போனார். அதை அவரிடம் சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன். அந்த யோசனையும் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

மறுநாள் வாரியத்துக்கு எழுதிக் கொடுத்தேன். மனுதாரர் என் ஆசிரியர், அதை மறைத்தது என் தவறு, சூத்திரத்தின் ஓட்டை எனக்கு முன்பே தெரியும் என்று என் பதிவையும் சேர்த்துக் கொடுத்தேன். பத்திரிகைகளில் இரண்டு நாள் வந்தது. ஆராய ஒரு குழு போட்டார்கள். குழுவில் முதல் தர ஆசிரியர்களின் சங்கமும் இருக்கிறது. அவர்கள் ஏன் மாற்றம் கேட்கப்போகிறார்கள்? டீச்சரின் மனு தள்ளுபடியானது, விதியில் இடமில்லை என்று. என் கடிதத்தை ஆலோசகரின் தனிக் கருத்து என்று கோப்பில் சேர்த்தார்கள். வேலையை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. விடவில்லை. உள்ளே இருந்தால்தான் மாற்ற முடியும் என்று கேட்பவர்களிடம் சொல்கிறேன். அதில் பாதி உண்மை.

மூன்று வாரம் கழித்து டீச்சர் போன் செய்தார். தாமரைச்செல்வியின் வீட்டுக்குப் போகிறேன், தனியாகப் போகக் கால் வரவில்லை, கூட வருகிறாயா என்றார். பட்டுக்கோட்டையிலிருந்து அரை மணி நேரம் தள்ளி இருக்கிறது, டீச்சர் இன்னும் பாடம் எடுக்கிற எங்கள் ஊர். சனிக்கிழமை காலையில் போனேன்.

தாமரைச்செல்வியின் அம்மா வீட்டு வாசலில் வண்டி வைத்துத் துணி தேய்த்துக் கொடுப்பவர். எங்களைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடிவந்தார். உள்ளே இரண்டு நாற்காலி போட்டார். டீச்சர் உட்காரவில்லை. அம்மா அவரைப் பேசவே விடவில்லை. நீங்கள் கண்டிப்பாக இருப்பதால்தான் இவள் கணக்கில் தேறுகிறாள், போன வருடம் வந்தவர் அடிக்கவே மாட்டார், அவர் பேர்கூட இவளுக்கு ஞாபகமில்லை, வேண்டுமானால் இன்னும் இரண்டு போடுங்கள் என்று கும்பிட்டுச் சொன்னார். டீச்சரின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று என்னால் எழுத முடியாது.

அந்தப் பெண் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒல்லியான பெண். டீச்சரைப் பார்த்ததும் கை இரண்டையும் பாவாடை மடிப்புக்குள் விட்டுக்கொண்டாள்.

டீச்சர் அவள் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்தார். அவள் நின்றாள், இவர் உட்கார்ந்திருந்தார்.

"நான் உன்னை அடிச்சது தப்பு," என்றார். "உனக்குக் கணக்கு வரலைன்னு அடிக்கலை. எனக்காக அடிச்சேன். இனிமே அடிக்கமாட்டேன். உன்கிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

அம்மா பதறிப்போய், அப்படியெல்லாம் சொல்லாதீங்க டீச்சர் என்று குறுக்கே வந்தார். டீச்சர் நகரவில்லை. அந்தப் பெண்ணையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தாமரைச்செல்வி அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து, பெரியவர்களைத் தேற்றுகிற குரலில் சொன்னாள்:

"பரவாயில்லை டீச்சர். எங்க எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கும் சம்பளம் வரணும்ல."

டீச்சர் எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. அந்தப் பெண்தான் பாவாடையிலிருந்து கையை எடுத்து நீட்டினாள். டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வெளியே வந்து தெருமுனை வரை நாங்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் நடந்தோம்.